கம்ப்ரசர் நின்ற பிறகு

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: மனிதகுலம் நீருக்கடியில் மூச்சு விட்ட வரலாற்றின் மாபெரும் அத்தியாயம், ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஒரு கார் ஷெட்டில் தொடங்கியது. கம்பெனியின் தலைவர், செயலாளர், மெக்கானிக் மூவரும் ஒருவரே. பெயர்ப்பலகை மாட்டிய அன்றே மனைவி அவருக்குச் சேர்மன் என்று பட்டம் கொடுத்துவிட்டாள். ஊழியர் என்று சொல்ல அவள் தம்பி ஒருவன் இருந்தான். கடலில் இறங்குவது அவன். எப்படி இறங்க வேண்டும் என்று கரையில் நின்று பேருரை ஆற்றுவது சேர்மன்.

சிலிண்டரில் காற்றை அடைக்கும் கம்ப்ரசர் பழையது. கடலில் முங்கப் போய்த் திரும்பாத ஒரு முங்காளியின் வீட்டில் வாங்கியது.

“எங்கிட்ட பேசினத விட அவர் இதுகிட்டதான் அதிகமா பேசினாரு. எடுத்துட்டுப் போங்க,” என்றாள் அந்த வீட்டுக்காரி. சேர்மன் இரங்கலுரைக்குத் தொண்டையைச் செருமுவதற்குள் கேட்டைச் சாத்திவிட்டாள்.

ஒரு மாதம் அதைப் பிரித்துப் போட்டுப் பூட்டினார். எண்ணெய், பெல்ட், பிஸ்டன் வளையம் எல்லாம் புதிது. காற்றைச் சுத்தம் செய்யும் ஃபில்டரை மட்டும் மாற்றவில்லை. ‘இரண்டு மணி நேரம் ஓடியது’ என்று இறந்தவரின் பென்சில் எழுத்து அதன்மேல் இருந்தது.

“புதுசு மாதிரிதான்,” என்றார் மனைவியிடம்.

“அவரும் அப்படித்தான் நெனச்சிருப்பாரு,” என்றாள் அவள். “உள்ள போறது என் தம்பி. ஞாபகம் இருக்கட்டும்.”

முதல் சிலிண்டரைத் தம்பி காலையிலேயே முதுகில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். துறைமுகத்தில் ஒரு படகின் அடியில் சுழலும் புரொப்பல்லர் இறக்கையில் வலை சுற்றிக்கொண்டிருந்தது. அறுத்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான். சேர்மன் இரண்டாவதை நிரப்பிக்கொண்டிருந்தார். கால் மணிக்கு ஒருமுறை அடிவால்வைத் திறந்து, காற்றிலிருந்து பிழிந்த தண்ணீரை வடிக்க வேண்டும். பால் போல வெளுத்து, எண்ணெய் நாற்றத்தோடு சீறி வரும். மூன்றாம் முறை திறந்தபோது ஒரு துளி உதட்டில் தெறித்தது.

உப்புக் கரித்தது.

காற்றிலிருந்து பிழியும் தண்ணீரில் உப்பு வராது. துடைத்துவிட்டு விரலை முகர்ந்தார். எண்ணெய் வாடைக்கு அடியில், நெடுநாள் மூடிவைத்த ஈர உடையின் வாடை, அதற்கும் அடியில் பாசியின் வாடை. தகரக் கூரை வெயிலில் டக் டக்கென்று விரிந்தது. மூலையில் தொங்கிய ரப்பர் உடுப்பு, மோட்டாரின் அதிர்வில் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தது. அழுத்தமானியின் முள் நூற்றெண்பதைத் தொட்டதும் சேர்மன் சுவிட்சை அணைத்தார்.

மோட்டார் நின்றது. பெல்ட் நின்றது.

ரப்பர் உடுப்பு நிற்கவில்லை என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு அதுவும் நின்றது. அப்போதுதான் மற்றொன்று கேட்டது. நிரப்பும் குழாய்க்குள் மெல்லிய ஓர் உறிஞ்சல். வெடுக்கென்று அது நின்றது. நீண்ட இடைவெளி. பிறகு நிதானமாக ஒரு விடுதல்.

முள் ஒரு கோடு இறங்கியது. ஏறியது. இறங்கியது.

அந்த மூச்சை அவருக்குத் தெரியும். வெடுக்கென்று இழுத்து, வைத்திருந்து, கஞ்சத்தனமாக விடுவது. “காத்த மிச்சம் பிடிச்சு பேங்க்ல போடப் போறியாடா?” என்று எட்டு வருடமாக மச்சானைக் கிண்டல் செய்திருக்கிறார்.

தம்பியோடு போயிருந்த படகோட்டிக்குப் போன் போட்டார்.

“எங்க அவன்?”

“இறங்கிப் பத்து நிமிஷம் ஆச்சுண்ணே. குமிழி நல்லா வருது. ஏன், மறுபடியும் ஏதாவது பேசணுமா?”

“மேல தூக்கு.”

“வல இன்னும் பாதிகூட...”

“தூக்குடா!”

“சரிண்ணே, கத்தாதீங்க. அவன் இடுப்புக் கயித்த இழுக்கிறேன்.”

முள் வேகமாகியது. இறக்கம், ஏற்றம். இறக்கம், ஏற்றம். இடைவெளி இல்லை. குழாய் மேசையில் புரண்டது. உள்ளே யாரோ ஓடுவது போல. யாரோ ஒருவன் அல்ல, இருவர். ஒரு மூச்சின்மேல் இன்னொரு மூச்சு. இரண்டாவது, கனத்தது. நிதானமானது.

“அண்ணே, கயிறு கனக்குது. ரெண்டு ஆள் எடை.”

உப்பு வாடை. காதுக்குள் சத்தம். நிறுத்த வேண்டும். அதை நிறுத்த வேண்டும்.

இயந்திரம் நின்றால் முதலில் சிலிண்டர் வால்வை மூடு. பிறகுதான் குழாயைத் தொடு. முப்பது வருட மெக்கானிக் பழக்கம். கை, மூளையைக் கேட்கவில்லை. போய்த் திருகியது. இறுக்கி.

ஷெட் அமைதியானது.

“அண்ணே.” படகோட்டியின் குரல் இறங்கியிருந்தது. “குமிழி நின்னு போச்சு.”

சேர்மன் வால்வைத் திருப்பித் திறந்தார். முழுக்கத் திறந்தார். இரண்டு கையாலும் பிடித்துத் திறந்துகொண்டே இருந்தார். போனில் மரம் உரசும் சத்தம், யாரோ தண்ணீரில் குதிக்கும் சத்தம்.

வீட்டு வாசலிலிருந்து மனைவி கூப்பிட்டாள். “சேர்மன் அய்யா! அவன் வர நேரமாச்சு, சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?”

முள் நூற்றெண்பதில் நின்றது. அதன்பிறகு அந்தச் சிலிண்டரிலிருந்து யாரும் மூச்சு இழுக்கவில்லை.