தலை குனிந்த முள்

மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் காற்று மீட்டரின் முள் தலை குனிந்தது. வெளியே விட்டதும் ஒன்றும் அறியாததுபோல் நிமிர்ந்துகொண்டது.

சின்னவள் மீட்டரைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தாள். மாலை முக்குளிப்பு வகுப்பு நடந்த நீச்சல் குளத்தில் முள் இப்படி ஆடியதே இல்லை. தன் மேல்தான் தப்பு என்று தோன்றியது. 'தாகத்துல குடிக்கிற மாதிரி காத்தை இழுக்காதே' என்று மாஸ்டர் அவளைத்தான் அடிக்கடி கடிந்துகொள்வார். இன்று முதல்முறையாகக் கடல், பதற்றம். மெதுவாக இழுத்தாள். முள் மெதுவாகக் குனிந்தது.

காற்று சிலிண்டரின் வால்வு முதுகுப் பக்கம் இருக்கிறது. அவள் கைக்கு எட்டாது. அதனால்தான் ஜோடி ஜோடியாக இறங்குவது; இறங்குமுன் படகில் ஒருவர் வால்வை மற்றவர் திறந்துவிட வேண்டும். அவளுக்கு ஜோடி அக்கா. கண்ணைக் கட்டிவிட்டாலும் வால்வைப் பிசகாமல் திருகுகிறவள்.

"பொறந்ததுலேருந்து எது வந்தாலும் இவளுக்குப் பாதி குடுத்தாகணும், மாஸ்டர்," என்று படகில் அதைத் திருகிக்கொண்டே சொல்லியிருந்தாள் அக்கா. "பாயில பாதி, அம்மா மடியில பாதி. நல்லவேளை, இங்கயாவது ஆளுக்கொரு சிலிண்டர்!"

"அதுலயும் பங்கு கேட்டா என்னக்கா பண்ணுவே?"

"கேட்டுத்தான் பாரேன்டி."

படகே சிரித்தது.

இப்போது தலைக்கு மேலே வெயில் அணைந்தது. திமிங்கலச் சுறா. பெயரில்தான் சுறா, எறும்பைக்கூடக் கடிக்காது என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். ஆனால் அகலத் திறந்த வாயும் வெள்ளைப் புள்ளிகள் இறைந்த முதுகுமாக அது ஒரு தெருவே நகர்வதுபோல் ஓசையில்லாமல் வந்துகொண்டே இருக்க, கடல் முழுவதும் அதன் நிழலுக்குள் போக, அவளுக்குக் கேட்டதெல்லாம் தன் மூச்சுதான். கதவிடுக்கில் காற்று நுழைவதுபோன்ற கீச்சொலி. வாயெல்லாம் ரப்பர் ருசி. முள் இப்போது அடிவரை குனிந்தது.

மாஸ்டர் கேமராவோடு சுறாவின் தலைப்பக்கம் போயிருந்தார்.

சின்னவள் அக்காவைப் பார்த்துக் கழுத்தின் குறுக்கே கையை இழுத்துக் காட்டினாள். காற்று இல்லை.

அக்கா உடனே நீந்தி வந்தாள். தன்னிடமுள்ள உபரி வாய்க்குழாயை நீட்ட வேண்டும் என்பது பாடம். நீட்டவில்லை. முதுகுப்பக்கம் போனாள். சின்னவளுக்கு உயிர் வந்தது. வால்வைச் சரியாகத் திறக்காமல் விட்டிருக்கிறாள், பாவம், திறந்துவிடப் போகிறாள். சிலிண்டர் வழியே தோளில் அந்தத் திருகல் தெரிந்தது.

முள் குனிந்தது.

நிமிரவில்லை.

இழுத்தாள். கல்லை உறிஞ்சுவதுபோல் இருந்தது. மறுபடி இழுத்தாள். ஒன்றுமில்லை.

அக்காவுக்குக் கை பிசகாது. கண்ணைக் கட்டிவிட்டாலும்.

சுறாவின் வால் கடந்தது. வெயில் திரும்பியது. தூரத்தில் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கிக் கேட்டார்: இரண்டு பேரும் நலமா?

அக்கா முன்னால் வந்தாள். தங்கையின் இரு கைகளும் அசையாதபடி, ஒற்றைக் கையால் மார்போடு இறுக்கி அணைத்தாள். கண்ணாடிக்குள் இமைக்காத கண்கள். அக்காவின் மூச்சுக் குமிழிகள் கொத்துக் கொத்தாக மேலேறின. அவளுடையவை மட்டும்.

மற்றக் கையை உயர்த்தி, விரல்களை அழகாக வளையமாக்கி, இருவருக்கும் சேர்த்துக் காட்டினாள்.