இடது பெட்டி

காயில் என்கிற கம்பிச்சுருள் அறுந்த ஸ்பீக்கரில் மீட்டர் முள் அசையக் கூடாது. அசைந்தது.

தங்கை மீட்டர் முனைகளைத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு வருடமாக ஸ்பீக்கர் பழுதுபார்ப்பவள். கருகிய காயிலின் வாடை அவளுக்குப் புதிதல்ல. ஆனால் அக்கா வீட்டுப் பழைய ஜோடி மரப்பெட்டிகளில் இடதிலிருந்து கழற்றி மேஜைமேல் மல்லாத்திய இதில், காகிதக் கூம்பு கிழிந்து, பசை பொடிந்து, வெகுநாள் தலைவைத்த தலையணையைப் பிரித்தாற்போல ஒரு புழுக்க நாற்றம் கிளம்பி, பட்டப்பகல் வெயிலிலும் கூடத்தை விட்டுப் போகாமல் நின்றது.

"என்னடி, உயிர் இருக்கா?" அக்கா கிசுகிசுத்தாள். புருஷன் செத்து எட்டு மாதமாகியும் அவளுக்கு இன்னும் கிசுகிசுப்புதான்.

முள் துள்ளியது.

ஸ்பீக்கரின் வயரை ஆம்ப்ளிஃபயரின் மைக் துளையில் செருகினால் அதுவே மைக்காகும். அக்கா புருஷன் அதைத்தான் செய்திருந்தார். அவள் யாரிடம் என்ன பேசினாள், எதற்குச் சிரித்தாள் என்று இருபது வருடம் மாடியறையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். சுவருக்குள் ஓடிய அந்த வயரைத் தங்கை காலையிலேயே உருவி எறிந்திருந்தாள்.

மாற்றுவதற்கு இரண்டு ஸ்பீக்கர் கொண்டுவந்திருந்தாள். ஒன்று அதே கம்பெனி, அதே காகிதக் கூம்பு. வலது பெட்டிக்கு அச்சு அசல் ஜோடி. மற்றது புதுசு. அளவும் மின்தடை ஓமும் பொருந்தும். ரப்பர் விளிம்பு, கறுப்பு முகம்.

"ஒரிஜினல் போட்டாத்தான் ஒழுங்கா இருக்கும்னு அவரு சொல்லுவாரு."

"அவரு சொன்னதெல்லாம் போதும்க்கா. உனக்கு என்ன வேணும்?"

அக்கா புடவை நுனியை முறுக்கிக்கொண்டே நின்றாள். "இந்த வீட்டுல ஒரு தடவை சத்தமா பாடணும்டி. பாட்டைப் போட்டுக்கிட்டு, கூடவே."

"அப்போ புதுசு. இனிமே இது பாடட்டும். ஒட்டுக்கேட்டது போதும்."

தங்கை பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினாள். பஞ்சு. தூசி. வேறொன்றுமில்லை. புதுசைப் பொருத்தி எட்டுத் திருகையும் முடுக்கினாள். ஏழாவதில் உள்ளங்கை கூம்பில் பட்டது.

வெதுவெதுப்பு.

வயர் இன்னும் கொடுக்கவில்லை. கரண்ட் இல்லை. எட்டாவதையும் முடுக்கினாள்.

"எதுக்குடி வேர்க்குது உனக்கு?"

"ஒண்ணுமில்ல. பாட்டு அப்புறம் போடலாம். நீ முதல்ல பாடு."

அக்கா தொண்டையைச் செருமினாள். பாட்டின் முதல் அடி வெறும் காற்றாக வந்தது. இரண்டாவதில் குரல் வந்தது.

கூம்பு புடைத்தது.

மெல்ல. வெளிப்பக்கமாக. ஒரு வளைவு. அதற்குள் இன்னொரு வளைவு. அடியில் தொங்கும் சதை.

காது.

"அக்கா, தள்ளிப் போ!"

அக்கா பார்த்தாள். புருஷனின் அந்தக் காதை அவளுக்குத் தெரியும். பாட்டை நிறுத்தவில்லை. பெட்டிமுன் மண்டியிட்டு, அதற்கு நேரே வாயைக் கொண்டுபோய், கழுத்து நரம்பு புடைக்கப் பாடினாள். ரப்பர் விளிம்பு இழுபட்டு முனகியது. காது இன்னும் வெளியே வந்தது. இன்னும். அவள் உதட்டில் ஒட்டியது.

அக்கா அடுத்த அடியை எடுத்தாள்.