செம்பில் விழுந்த கீறல்

நேற்று கதவருகே நின்ற ஆள், இன்று கட்டிலருகே நின்றான்.

தூசி துடைத்துக்கொண்டிருந்த துணியோடு அவள் அந்தச் செப்புத் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். எந்தக் காலத்திலோ யாரோ படம் அச்சடிக்கச் செதுக்கியது. ஓர் அறை, ஒரு கட்டில், அதில் தூங்கும் குழந்தை. பக்கத்தில், முகமில்லாமல், நாலைந்து மெல்லிய கோடுகளாக மட்டும் அந்த ஆள்.

பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது அவளுக்கு. பழம்பொருள் பைத்தியம் பிடித்த மனிதனைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு வருஷம். கூடம் போயிற்று, அலமாரி போயிற்று, இப்போது பத்து வயது மகளின் அறையிலும் சுவர் தெரியாமல் தகடுகள். செம்புக் களிம்பு நாற்றத்தில் இருமி இருமி இப்போதுதான் பிள்ளை பின்னால் கட்டிலில் கண்ணயர்ந்திருக்கிறாள். சேர்ப்பதற்கு அவன், துடைப்பதற்கு இவள்.

"என்னங்க, இந்த ஆளு நகர்றான்."

"ஆமா, பஸ் பிடிக்கப் போறான்," என்றான் கணவன் பக்கத்து அறையிலிருந்து. "முதல்ல உன் கண்ணாடிய மாத்து."

அவள் மறுபடி குனிந்தாள். தகட்டில், கோடாக வரைந்த கை ஒன்று குழந்தையின் போர்வையைப் பிடித்திருந்தது. முதுகுக்குப் பின்னால் ஏதோ சரசரத்தது. திரும்பினாள். யாருமில்லை. மகளின் போர்வை மட்டும் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது.

"என் பிள்ளைகிட்டயாடா வர்றே?"

மேசையில் மகளின் காம்பஸ் கிடந்தது. எடுத்தாள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் முதல் கீறல். பிறகு நெஞ்சு, தோள், கை. நெடுக்கே, குறுக்கே. பன்னிரண்டு வருஷத்துக் கோபமும் முனையில் இறங்கியது. செம்பு கிரீச்சிட்டது, பல் கூசியது. ஒழிந்தான் சனியன்.

சத்தம் கேட்டு ஓடிவந்த கணவன் தகட்டைப் பிடுங்கிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"அடிப்பாவி! என்ன பண்ணி வெச்சிருக்கே?"

"அழிச்சிட்டேன்."

"செம்புல கீறினா அழியுமா? அச்சடிக்கிறப்ப கீறல்லதான்டி மை நிக்கும்! அழிக்கணும்னா தேய்ச்சு மழுங்கடிக்கணும். நீ எவ்வளவு கீறுறியோ அவ்வளவு கறுப்பா வருவான்!"

அறையில் ஒரு வாடை. மை. ஈர மை. இந்த வீட்டில் யாரும் இதுவரை அச்சடித்ததில்லை.

"அம்மா, யாரும்மா இ..."

குரல் பாதியில் நின்றது.

திரும்பினாள்.

கட்டில்மேல் குனிந்திருந்தான். அவள் கீறிய அத்தனை கீறலும் அவன் உடம்பில். நெடுக்கே. குறுக்கே. தலையணையில் மை சொட்டியது. மகளின் வாய்மேல், அகலமாக, கறுப்பாக, ஒரு கை.