ஏழாவது ஆணி

முட்டை வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றபோது காலை மணி பதினொன்று. தகரக் கூரை வெயிலில் அவ்வப்போது சடக் சடக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வெள்ளை டீசல் பிக்கப். பின்னால் காலி முட்டை அட்டைகள். ஓட்டி வந்தவர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். அது நின்ற பிறகு, பானட்டுக்குள்ளிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது.

"கேட்டுச்சாண்ணே? இதான்."

"டர்போ சுத்தி அடங்குற சத்தம்" என்றான் மெக்கானிக். "ஃபேனை நிறுத்தினாலும் கொஞ்ச நேரம் சுத்தும்ல, அது மாதிரி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. எம் பொண்டாட்டி ஒரே ஒரு தடவை இதுல வந்தா. இனிமே ஏற மாட்டேன்னுட்டா. இது ஏதோ சொல்லுதுங்கறா."

"என்ன சொல்லுதாம்?"

"அவ சொல்றதையெல்லாம் கேட்டா நான் முட்டை விக்கிறதா, சாமியாராப் போறதா? அதை விடுங்க. எனக்கு மேடு ஏற மாட்டேங்குது. அதான் பிரச்சினை."

இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளிக் கொடுக்கிற பழைய டர்போ இரண்டு மாதம் முன்பு போய்விட்டது. வேறொரு பட்டறைக்காரன் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒன்றைப் பிடித்து மாட்டிக் கொடுத்தான். சமதரையில் வண்டி பறக்கிறது. மேட்டில் பாதி ஏறியதும், தொண்டையை யாரோ பிடித்த மாதிரி திணறிக் கரும்புகை கக்குகிறது. மூன்று பட்டறை பார்த்தாகிவிட்டது. யாருக்கும் பிடிபடவில்லை.

"நான் டர்போ வேலை எடுக்கறதில்லைங்க" என்றான் மெக்கானிக்.

"ஆணி அண்ணன்கிட்டப் போ, அவரு இன்ஜினுக்குக் கோவணம் கட்டித்தான் வேலையே பார்ப்பாருன்னு சொல்லி அனுப்பினாங்க. நீங்களும் கையை விரிச்சா எப்படி?"

பட்டறைக்குப் பின்னால் இரண்டே அறை. அதன் வாசலில் உட்கார்ந்து பழைய போர்வையைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்கினாள்.

"பார்த்துக் கொடேன்டா. மனுசன் மூணு பட்டறை அலைஞ்சிருக்காரு."

அவள் சொன்னால் அவனால் மறுக்க முடியாது. இந்தப் பதினொரு மாதமாக அவள் எதைச் சொன்னாலும் மறுக்க முடிந்ததில்லை.

கோவணம் என்று ஊரே கேலி பேசியது அவனுடைய ஆணிப் பலகையைத்தான். சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஏழு ஆணி. ஆணிக்கு ஒரு துணி. டர்போவைக் கழற்றினால் இன்ஜினில் குழாய் வாய்கள் திறந்து கிடக்கும். ஒரு சின்ன நட்டு உள்ளே விழுந்தாலும் கதை முடிந்தது. அதனால் திறக்கிற ஒவ்வொரு வாயிலும் ஒரு துணியை அடைப்பான். மூடும்போது துணியை எடுத்து அதனதன் ஆணியில் மாட்டுவான். ஏழு ஆணியிலும் துணி தொங்கினால்தான் சாவியைத் தொடுவான். அது அவனே போட்டுக்கொண்ட சட்டம்.

இப்போது பலகையில் ஆறு துணி பழைய போர்வை. ஏழாவது மட்டும் காக்கி. அவனுடைய சொந்தச் சட்டையில் கிழித்தது.

ஏன் காக்கி என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை.

பதினொரு மாதம் முன்பு அவன் மாட்டிய கடைசி டர்போ அத்தானுடைய பிக்கப்புக்கு. அக்காவின் புருசன். சிமெண்ட் மூட்டை ஏற்றப் போக வேண்டும், நேரமாகிவிட்டது என்று அத்தான் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். "என்ன மச்சான், டர்போ மாட்டுறியா, தாலி கட்டுறியா?" என்றார். எல்லாம் மூடி முடித்துப் பார்த்தால் ஏழாவது ஆணி காலி. மேசைக்கு அடியில் எங்காவது விழுந்திருக்கும் என்று நினைத்தான். மறுபடி பிரித்தால் ஒரு மணி நேரம். பலகையில் ஆணி காலியாக இருப்பதைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை. கிழிந்து கிடந்த தன் காக்கிச் சட்டையில் ஒரு துண்டைக் கிழித்து அங்கே மாட்டினான்.

சாவியைக் கொடுத்தான்.

மலைப்பாதையில், மூன்றாவது வளைவில், வண்டி பின்னோக்கி உருண்டு பள்ளத்தில் விழுந்தது. அத்தான் பிழைக்கவில்லை.

நசுங்கிய வண்டியைப் பார்த்துச் சொல்ல மெக்கானிக் வேண்டும் என்று போலீஸ் ஸ்டேஷனில் அவனையே கூப்பிட்டார்கள். யாரும் இல்லாத நேரத்தில் குழாயைக் கழற்றினான். உள்ளே இருந்தது ஏழாவது துணி. அத்தானுடைய பழைய நீலக் கட்டச் சட்டையின் கை முனை. அக்கா கிழித்துக் கொடுத்ததுதான். பொத்தானைக்கூட எடுக்காமல் கிழித்திருந்தாள். வெள்ளைப் பொத்தான், சிவப்பு நூலில் தைத்தது. அதைத் தைத்த அன்றைக்கு வீட்டில் வெள்ளை நூல் தீர்ந்திருந்தது.

அவன் அதை மடியில் செருகிக்கொண்டு வந்து அடுப்பில் போட்டான். பொத்தான் உருகி நாறும் வரை பக்கத்திலேயே நின்றான். பிறகு ஸ்டேஷனுக்குப் போய், "வண்டியில குறை ஒண்ணும் இல்ல சார். மனுசன் ராத்திரி தூங்கியிருக்க மாட்டாரு. கண்ணசந்திருப்பாரு" என்றான்.

அவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள்.

முந்தின ராத்திரி அக்கா அத்தானோடு விடிய விடியச் சண்டை போட்டிருந்தாள் என்பது அவனுக்கு அப்போது தெரியாது. தெரிந்தபோது வாயைத் திறக்க முடியவில்லை. இதுதான் அவன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். திறந்திருக்கலாம். திறக்கவில்லை, அவ்வளவுதான்.

முட்டை வண்டியின் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். டார்ச் அடித்துப் பார்த்தான். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சுத்தம், கண்ணாடி மாதிரி. சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடித்தான். ஒரு குமிழி இல்லை. எண்ணெய் போகிற வழி, வருகிற வழி, இரண்டும் சரி. டர்போவைக் கையில் எடுத்து அச்சை ஆட்டினான். ஆட்டம் இல்லை. சக்கரத்தை விரலால் தள்ளினான், சுற்றியது.

விரலை எடுத்துவிட்டான். அது சுற்றிக்கொண்டே இருந்தது.

டர்போவைத் திருப்பினான். அடிப்பக்கம், கரிக்கு நடுவே, பஞ்ச் உளியால் குத்திய மூன்று புள்ளி.

தான் மாட்டுகிற டர்போவில் அந்த இடத்தில் மூன்று புள்ளி வைப்பது அவன் வழக்கம். இந்த ரக டர்போவில் அவன் ஒரே ஒரு தடவைதான் புள்ளி வைத்திருக்கிறான். நசுங்கிய பிக்கப்பை இரும்புக் கடைக்காரன்தான் எடைக்கு எடுத்துப் போனான்.

"என்னாச்சுண்ணே? முகம் வெளுத்துப் போச்சு?" என்றார் முட்டைக்காரர்.

"ஒண்ணுமில்ல. வெக்கை."

திருப்பி மாட்டினான். ஒவ்வொரு துணியையும் எடுத்தபோது வாய்விட்டு எண்ணினான். ஏழு. பலகையில் ஏழும் தொங்கின. இன்னொரு தடவை எண்ணினான். பிறகு முட்டைக்காரரையும் எண்ணச் சொன்னான்.

"ஏழுதாண்ணே. எங்கிட்ட எண்ணிக்கை தப்பாது. நான் முட்டை எண்ணுறவன்."

பட்டறையிலிருந்து கொஞ்ச தூரத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறுகிற சாலை. நல்ல செங்குத்து. இரண்டு பேருமாக வண்டியை எடுத்தார்கள்; மெக்கானிக்தான் ஓட்டினான். பாதி வரை வெண்ணெயாக ஏறியது. முட்டைக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

அப்புறம் இன்ஜின் திணறியது.

ஒரு தடவை இருமியது. நின்றது.

பிரேக்கை மிதித்தான். ஒரு மிதி பிடித்தது. அடுத்த மிதியில் பெடல் கட்டை மாதிரி இறுகிவிட்டது. ஸ்டியரிங் அசையவில்லை. இன்ஜின் செத்தால் இரண்டும் சாகும், அவனுக்குத் தெரியாததா? வண்டி பின்னோக்கி நகர்ந்தது. முதலில் மெதுவாக.

கைபிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தான். டயர் கிறீச்சிட்டது. காலி வண்டி. அதனால் பிடித்தது. பின்சக்கரம் ஓரத்துக் கல்லில் முட்டி நின்றது.

இவ்வளவு நாளும் அவன், அது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். அத்தானுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று.

இல்லை. நிறைய நேரம் இருந்தது. கண்ணாடியில் பின்னால் பார்க்க நேரம் இருந்தது. பெடலை நான்கு தடவை மிதிக்க நேரம் இருந்தது. யாரை நினைக்க வேண்டுமோ அவர்களை நினைக்கவும் நேரம் இருந்தது.

காற்று இல்லை. சாலையில் வேறு வண்டி இல்லை. டர்போ சுற்றி அடங்குகிற நேரமெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது.

அப்போது வந்தது அந்தப் பெருமூச்சு.

பானட்டுக்குள்ளிருந்து அல்ல. இரண்டு பேருக்கும் நடுவில், சீட்டின் உயரத்திலிருந்து. எரிந்த பொத்தானின் நாற்றத்தோடு.

மெக்கானிக் கதவைத் திறந்து இறங்கினான். பானட்டைத் தூக்கினான். குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப் இரண்டு தடவை வழுக்கியது. சற்று முன்பு டார்ச் அடித்துப் பார்த்த அதே குழாய். விரலை விட்டான். ஈரமாக, வெதுவெதுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தான்.

நீலக் கட்டம். வெள்ளைப் பொத்தான். சிவப்பு நூல்.

"என்னண்ணே இது, கோவணத்தை உள்ளேயே விட்டுட்டீங்களா?" முட்டைக்காரர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "ஆனா... ஏழும் பலகையில இருந்துச்சே. நானே எண்ணினேனே."

"உங்க சம்சாரம் என்ன சொன்னாங்க?"

"எதை?"

"இது ஏதோ சொல்லுதுன்னாங்களே. என்ன சொல்லுதாம்?"

முட்டைக்காரர் வண்டியை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"'தூங்கல'ன்னு சொல்லுதாம். 'நான் தூங்கல, நான் தூங்கல'ன்னு."

பட்டறைக்குத் திரும்பும்போது துணி அவன் கைக்குள் இருந்தது. ஒளிக்க நினைத்தான்; விரல் விரியவில்லை. அக்கா கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கையைப் பார்த்தாள். கிட்டே வந்து பொத்தானைத் தொட்டாள்.

"இது நான் தைச்சது."

"ஆமாக்கா."

"எங்கே கிடைச்சுது?"

பழைய துணி மூட்டையில் கிடைத்தது என்று சொல்லலாம். நாக்கு நுனியில் அது தயாராகவே இருந்தது. அவள் பின்னால், கொடியில் தொங்கிய ஈரச் சேலை காற்றே இல்லாமல் ஒருமுறை உப்பி அடங்கியது, மூச்சு விட்ட நெஞ்சு மாதிரி.

சொன்னான். ஆணி காலியாக இருந்ததை, காக்கியைக் கிழித்து மாட்டியதை, ஸ்டேஷனில் குழாயைக் கழற்றியதை, அடுப்பை. "அத்தான் தூங்கலக்கா. கடைசி வரைக்கும் முழிச்சுட்டுத்தான் இருந்தாரு" என்று முடித்தான்.

அவள் அழவில்லை. அறையவும் இல்லை. அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தினம் ராத்திரி நான் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருந்தேன்" என்றாள். "உன்னைத் தூங்க விடாம கொன்னுட்டேன்யான்னு. நடுவுல இருக்கறது ஒத்தைக் கல் சுவர். உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"தினமுமா?"

"தினமும்."

அவள் தலையை ஆட்டினாள். பலகைக்குப் போய்க் காக்கித் துணியைப் பிடுங்கித் தரையில் போட்டாள். நீலத்துண்டை அவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அவங்க அம்மா, பிள்ளை தூங்கிச் செத்தான்னு ஊரெல்லாம் தலை குனிஞ்சுட்டுத் திரியுது. நான் போய்ச் சொல்றேன். ஸ்டேஷன்ல சொல்லி எழுத வச்சது நீ. நீ போய் மாத்து."

"போறேன்க்கா."

"இன்னைக்கே போ."

அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

அவன் போகவில்லை. அன்றைக்கு முட்டை வண்டி வேலை இருந்தது. மறுநாளும் இருந்தது. ஆறு துணியை வைத்தே புது டர்போ மாட்டினான். வண்டி தண்ணீர்த் தொட்டி மேட்டை ஒரே மூச்சில் ஏறியது. மூன்றாம் நாள் குளித்து, சட்டை மாற்றி, ஸ்டேஷன் வாசல் வரை போனான். வெளியே நின்ற போலீஸ்காரர், "என்னப்பா வேணும்?" என்றார். "ஒண்ணுமில்ல சார்" என்று திரும்பிவிட்டான். நாளைக்குப் போகலாம்.

வந்து ஷட்டரைப் பாதி இறக்கினான். மேசைமேல் அந்த மூன்று புள்ளி டர்போ கிடந்தது. உடைக்கலாம் என்று எடுத்து வைத்த சம்மட்டி பக்கத்திலேயே கிடந்தது. பலகையில் ஆறு துணி, ஒரு வெற்று ஆணி. உள்ளே போய்ப் பாயில் சாய்ந்தான். நல்ல வெயில் நேரம். கூரைகூடச் சத்தம் போடவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், அக்காவின் அறையில், யாரோ மூச்சு விட்டார்கள்.

அக்கா திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்தான். அப்படி நினைக்க ஆசைப்பட்டான். பதினொரு மாதம் அந்தச் சுவர் ஓரமாகப் படுத்தவன் அவன். தூங்குகிறவர் மூச்சு எது, தூங்காதவர் மூச்சு எது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இது தூங்காதவர் மூச்சு.

எழுந்து போய் அவள் அறைக் கதவைத் தள்ளினான். சுருட்டி வைத்த பாய். மூடிய ஜன்னல். யாரும் இல்லை. மூச்சும் நின்றிருந்தது.

அங்கேயே நின்றான்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. இந்தத் தடவை சுவருக்கு அந்தப் பக்கம், சற்று முன் அவன் படுத்திருந்த பாயிலிருந்து.