கிளிங் என்றால் ஒட்டிப் பிடி

ஆற்று நடுவில் ஒரு பாறை. அதன்மேல் ஒரு வெள்ளைக்காரச் சிறுவன். ஆறு வயதிருக்கும். அவன் முழங்கால்வரை தண்ணீர் ஏறிவிட்டது.

வியாகுலமேரியும் அவள் தோழி பூமாரியும் கரையில் திகைத்து நின்றார்கள். இருவரும் அனுமந்தன்பட்டியில் ஐந்தாம் வகுப்புப் படிப்பவர்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, சாலையில் ஒரு எஸ்டேட் துரையின் கார் பழுதாகி நின்றதைப் பார்த்திருந்தார்கள். இவன் அவருடைய மகனாகத்தான் இருக்க வேண்டும்.

"துரையக் கூட்டியாரட்டுமா?" என்றாள் பூமாரி.

"அரை மைல் ஓடணுமேடி! அதுக்குள்ள பாறையே முங்கிரும்."

மேலே மலையில் மழை. தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்து ஓடியது.

மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ராக்கையா தண்ணீரில் பாய்ந்தார். நீந்திப் போய்ப் பாறையை ஒரு கையால் பிடித்தார். மறு கையை நீட்டினார். பையன் பயந்து பின்வாங்கினான்.

"ஹோல்டு! ஹோல்டு!" என்று கத்தினாள் வியாகுலமேரி.

பையனுக்குப் புரிந்தது. ராக்கையாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"ஏத்தா! கையப் புடிச்சுக்கிட்டா நான் எப்படி நீந்துறது? முதுகுல ஏறி ஒட்டிக்கிடச் சொல்லு!"

ஒட்டிக்கொள்வதற்கு இங்கிலீஷில் என்ன சொல்? வியாகுலமேரி யோசித்தாள். போன வாரம்தான் மரியராஜ் வாத்தியார் அதைப் பலகையில் எழுதினார். அவள் அதற்குக் 'கிளி' என்று பொருள் சொல்ல, வகுப்பே சிரித்தது. "கிளி இல்ல, குரங்குக்குட்டி! தாய ஒட்டிப் புடிக்குதே, அதான் கிளிங்" என்று அவரும் சிரித்தார்.

"கிளிங்! கிளிங்!"

பையன் விழித்தான். எதை ஒட்டிப் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

சட்டென்று வியாகுலமேரி பூமாரியின் முதுகில் தாவி ஏறினாள்.

"ஐயோ, விழுந்துருவேன்டி!"

"விழாத! அவன் பாக்கட்டும். கிளிங்! இப்படி!"

பையன் பார்த்தான். ராக்கையாவின் முதுகில் தாவினான். கையும் காலும் போட்டு ஒட்டிக்கொண்டான். அடுத்த நொடியில் அவர்கள் இருவரையும் வெள்ளம் இழுத்தது. தலைகள் மறைந்தன.

வியாகுலமேரி கீழே குதித்து, தண்ணீர் போகும் பக்கம் கரையோரமாக ஓடினாள்.

வெகுதூரம் தள்ளி, வாழைத்தோப்பு ஓரமாக இரண்டு தலைகள் மேலே வந்தன!

பூமாரி துரையைக் கூப்பிட ஓடினாள். ராக்கையா மணலில் தவழ்ந்து வந்து உட்கார்ந்தார். பையன் மட்டும் இறங்கவில்லை. கண்ணை இறுக மூடி, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"மூச்சு முட்டுது. 'விடு'ன்னு சொல்லுத்தா!"

"அத வாத்தியாரு இன்னும் சொல்லித் தரலண்ணே."

தோப்பில் ஒரு தார் பழுத்திருந்தது. வியாகுலமேரி ஒரு பழத்தைப் பறித்து அவன் மூக்கருகே நீட்டினாள். ஒரு கண் திறந்தது. ஒரு கை விட்டது. பழத்தை வாங்கிக்கொண்டு, உரித்துத் தா என்பதுபோல் அவளைப் பார்த்தான்.

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பையன் பழத்தைப் பார்த்தான், யோசித்தான். மெல்ல மறு கையையும் எடுத்து, பழத்தை உரிக்கத் தொடங்கினான்.