காற்றுக் குழாய் சீட்டியடித்தால்

பல் தேய்ப்பதற்கு முன், தலைக்குள் பதித்த அறிவுவிதையில் அன்றைய புது விடைகளை இறக்கிக்கொள்வது செவ்வாய்க் குடியிருப்பில் எல்லோருக்கும் வழக்கம். குடியிருப்பின் இணைய மன்றத்தில் ஓயாமல் கேட்கப்படும் கேள்விக்கு ஒரு பதில் ‘நிலைவிடை’ ஆகிவிட்டால், அது அத்தனை பேர் மூளைக்கும் போய்விடும். அப்புறம் யாரும் யாரையும் கேட்க வேண்டாம். திட்டம் என்னவோ அதுதான்.

மன்றத்தின் பதிவுகளை மேற்பார்க்கும் மட்டுறுத்துநர் பெனிட்டாவுக்கு அலுத்துவிட்டது. காற்றுக் குழாய் சீட்டியடிக்கிறது, என்ன செய்வது என்று தினமும் யாராவது கேட்டார்கள். குழாயில் விரிசல், உடனே அறையைவிட்டு வெளியே வந்து கதவை மூடுங்கள் என்று அவளே எழுதியிருந்தாள். அதற்கு ஒன்பது விருப்பக்குறி. ‘ரெண்டு தட்டு தட்டுங்க, சரியாயிடும்’ என்று பழைய குடியிருப்புவாசி இசக்கியப்பன் எழுதியதற்கு எண்ணூறு. அதிக விருப்பம் வாங்குவதுதான் நிலைவிடை. மன்றத்தின் சட்டம் அப்படி. தட்டிப் பார்த்த ஒருவர் போன மாதம் செத்தே போனார். அவர் போட்ட விருப்பமும் அந்த எண்ணூறில் இருந்தது.

“ஒரு உயிர் போயிருக்கு அண்ணாச்சி, பதிவை எடுத்துருங்க” என்று இசக்கியப்பனிடம் கெஞ்சினாள்.

“எனக்குத் தட்டினதும் நின்னுச்சேம்மா. சனங்களுக்குப் பிடிச்சிருக்கு, நான் என்ன செய்ய?”

பூமியிலிருந்து புதியவர்களின் கப்பல் வந்துகொண்டிருந்தது. அவர்கள் தலையிலும் தட்டுவதே ஏறிவிடும் என்ற பயத்தில் பெனிட்டா அறை அறையாகப் போய் விருப்பம் கேட்டாள். “இதுதான் தெரிஞ்ச விஷயமாச்சே” என்று சலித்துக்கொண்டே எல்லோரும் போட்டார்கள். கடைசியில், இதோடு விட்டால் போதும் என்று இசக்கியப்பனும் போட்டார். அவள் பதில் நிலைவிடையாகி எல்லார் மூளையிலும் இறங்கியது. வெகு நாளைக்குப் பிறகு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுவாரம் மன்றத்தில் இசக்கியப்பனின் பதிவு: ‘என் ரூம்ல குழாய் சீட்டியடிக்குது. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.’ அதன்கீழே, ‘எனக்கும் இதே பிரச்சினை, பதில் வந்தா சொல்லுங்க’ என்று கப்பலில் வந்திறங்கிய புதியவர்கள் வரிசையாக எழுதியிருந்தார்கள்.

எல்லா அறைகளுக்கும் அபாய மணியை அடித்துவிட்டு பெனிட்டா ஓடினாள். காற்று சீறிக்கொண்டிருந்த அறையில், உதடு நீலம் பாரித்து, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் இசக்கியப்பன்.

“வெளிய வாங்க அண்ணாச்சி! பதில் உங்க தலைக்குள்ளேயே இருக்கே!”

“இருக்கும்மா, நல்லாவே தெரியும். இருந்தாலும் நாலு பேரைக் கேட்டுக்கிட்டா மனசுக்கு ஒரு தைரியம். யாரோ எழுதிக்கிட்டிருக்காங்க… இரு, பாத்துட்டு வந்திடுறேன்.”