சிவப்பு விளக்கில் இறங்கிய டெமோ

மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நெட் போய்ப் பத்து நிமிடம் இருக்கும். ஆனால் திரையில் டவுன்லோடு மட்டும் நிற்கவில்லை. எழுபது, எண்பது, தொண்ணூறு என்று விறுவிறுவென ஏறி நூறைத் தொட்டு முடிந்தது. நவநீதகிருஷ்ணன் மேசைக்குப் பின்னால் கைவிட்டுத் தடவினான். அந்த சிபியூவில் குத்தியிருந்த நெட் வயரும் எப்போதோ கழன்று கீழே கிடந்தது.

"வயரே இல்லாம எங்கிட்டிருந்துடா வந்த நீ?" என்று திரையைப் பார்த்துக் கேட்டான். சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ராஜபாளையம் கடைவீதிக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் அவனுடைய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையைத் தவிர எல்லாம் பூட்டியிருந்தது. இவனும் ஷட்டரைப் பாதி இறக்கித்தான் வைத்திருந்தான். மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்த மழை விடாமல் பெய்ய, பக்கத்துப் பட்டறையில் பேண்டேஜ் துணி வெளுக்கிற மருந்து வாடை சாக்கடையோடு கலந்து உள்ளே ஏறியது. இந்நேரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டில் சாப்பிட்டுப் படுத்திருக்க வேண்டியவன். தெரிந்த பையன் வல்லரசுவால் வந்த வினை. லீவு முடிந்து ராத்திரி ரயிலில் பட்டாளத்துக்குத் திரும்புகிறவன், நேற்று வந்து லேப்டாப்பை நீட்டினான்.

"அண்ணே, முழு கேமைக் காசு குடுத்து வாங்கி, பொறவு இதுல ஓடலைன்னா வேஸ்ட்டு. டெமோ மட்டும் ஏத்திக் குடுங்க. அங்க போயிட்டா டவரே கிடைக்காது."

இந்த விஷயத்தில் நவநீதன் கறாரானவன். கேம் தயாரித்தவனின் சொந்தத் தளம், இல்லையென்றால் பேர்பெற்ற கடைத்தளம். வேறெங்கும் டெமோ இறக்க மாட்டான். "வேகமா குடுக்கிறவன் காசு கேப்பான். காசு கேக்காதவன் குப்பையச் சேத்து அனுப்புவான்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பான். இன்று நல்ல தளத்தில் டெமோ இருபத்திரண்டு ஜிபி. மழையில் நெட் நொண்டியது. ஒன்பது மணி நேரம் ஆகும் என்றது. வேறு வழியில்லாமல் தேடிக்கொண்டே கீழே போனவன் கண்ணில் ஒரு தளம் பட்டது. மினுக்குகிற விளம்பரம் இல்லை. ஏமாற்றுகிற மூன்று பச்சைப் பொத்தான்கள் இல்லை. கறுப்புப் பக்கம், நடுவில் ஒரே ஒரு பொத்தான். துடைத்துவைத்த மாதிரி இருந்தது. நவநீதன் அளவுக்கு மீறிய சுத்தக்காரன். அடுத்தவன் கீபோர்டைத் தொடுமுன் ஸ்பிரிட் போட்டு மூன்று முறை துடைப்பான். அந்தப் பக்கத்தின் சுத்தம்தான் அவனைக் கவிழ்த்தது.

சந்தேகமான ஃபைலைச் சொந்த மெஷினில் திறக்கக் கூடாது என்பதும் அவனுக்குத் தெரியும். அதற்கு சர்வீஸ் கடைக்காரர்கள் வெளியே சொல்லாத ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். ஃபார்மட்டுக்கு வந்து கிடக்கும் ஏதாவது சிபியூவில் முதலில் இறக்கி ஓடவிடுவார்கள். வைரஸ் ஏறினாலும் அது எப்படியும் அழிக்கப்போகிற மெஷின்தானே. நவநீதனும் அப்படித்தான் சங்கையாவின் சிபியூவை எடுத்து மாட்டினான்.

சங்கையா கான்சாபுரத்துக்காரர். வியாழக்கிழமை அதைச் சாக்கில் சுற்றி, உடம்போடு ஒட்டாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, உள்ள இருக்கிறது அம்புட்டையும் அழிச்சிருங்க. எதையும் தொறந்து பாக்க வேண்டாம்."

"வீட்டு போட்டோ ஏதும் இருந்தா எடுத்து வைக்கவா?"

"வேண்டாம். பாக்க ஆளில்ல. நான் ஒருத்தன்தான் பாக்கி" என்று சொல்லிவிட்டுப் போனவர் சாக்கைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

காலையில் அதன் மூடியைக் கழற்றியபோதே மூக்கைப் பொத்திக்கொண்டான். தூசி படிந்த மெஷின்களை எத்தனையோ பார்த்திருக்கிறான். பல்லி முட்டை, கரப்பான் ஓடு, ஒருமுறை செத்த எலிக்குஞ்சுகூட. இது வேறு. ஃபேனில் நீளமான நரைமுடி சுற்றிக்கிடந்தது. அடியில் மஞ்சளாக, ஊசிப்போன நெய் மாதிரி ஏதோ உறைந்திருந்தது. அதற்குள் புதைந்திருந்த பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு ஒன்றைக் கட்டிங் பிளேயரால் பிடுங்கிக் குப்பையில் போட்டான். அதே பிளேயரால்தான் அன்று விடிந்ததும் பாண்டிசெல்வியின் தொளதொளத்த மெட்டியை நெருக்கிவிட்டிருந்தான். "வெள்ளியில பல்லு பதிஞ்சிருச்சு பாருங்க, தட்டாருகிட்டப் போயிருந்தா இந்தக் கோராமை வருமா?" என்று அவள் காலை நீட்டிக்காட்டிச் சிரித்தாள். கல்யாணமாகி ஒன்றரை வருடம். அவள் சிரித்தால் அவனுக்கு அன்றைய நாள் நல்ல நாள்.

ஃபைலைத் திறந்தான்.

பெயர் இல்லை, பாட்டு இல்லை. கறுப்புத் திரையில் தமிழில் மூன்று வரி. நடக்க டபிள்யூ பொத்தான். பின்னால் போக எஸ். தின்ன ஈ. மூலையில் பத்து நிமிடக் கடிகாரம் குறைய ஆரம்பித்தது. வல்லரசு கேட்ட கேம் இது இல்லை. எவனோ காலேஜ் பையன் செய்த ப்ராஜெக்ட் போல என்று நினைத்தான். மூடியிருக்க வேண்டும். வயரில்லாமல் வந்தது என்னவென்று பார்க்கும் ஆசை விடவில்லை.

மழை பெய்யும் ஒரு முற்றம். ஈரக் கதவு. உள்ளே இருட்டான அடுப்படி. விளையாடுகிறவனின் கைகள் மட்டும் தெரிந்தன. ஊறி வெளுத்த கைகள், நகக்கண்ணில் மஞ்சளாக அழுக்கு. ஒரு பாத்திரத்தின் முன் அவை நின்றன. நவநீதன் ஈ பொத்தானை அழுத்தினான். கைகள் மூடியைத் தள்ளித் தயிரை அள்ளின.

நாக்கில் புளித்தது.

அவன் வாயைத் தொட்டுப் பார்த்தான். பிரமை இல்லை. நாள்பட்ட தயிர், ஆடையோடு, அவன் தொண்டையில் வழுக்கி இறங்கியது. எழுந்து குப்பைக்கூடையில் துப்பினான். வெள்ளையாக விழுந்தது. காலையிலிருந்து அவன் டீயைத் தவிர எதுவும் வாயில் வைக்கவில்லை.

திரும்பினால், திரையில் கைகள் தாமாக நகர்ந்துகொண்டிருந்தன. தொட்டிக்குப் போயின. பாத்திரம் கழுவிய எச்சில் தேங்கும் சல்லடையை எடுத்து நக்கின. பழைய சோறு. மீன் செதில். ஊறிய கறிவேப்பிலை. ஒவ்வொன்றாக அவன் நாக்கில். அவன் குனிந்து வாந்தியெடுத்தான். வாந்தியிலும் செதில் மின்னியது.

நிமிர்ந்தபோது திரையில் தொட்டிக்கு மேலே இருந்த வாட்டர் ஃபில்டர் கண்ணில் பட்டது. அதன் குழாயில் சிவப்பு இன்சுலேஷன் டேப். நாலு சுற்று. ஒழுகுகிறது என்று போன மாதம் தன் வீட்டில் அவனே சுற்றியது.

போன் அடித்தது. பாண்டிசெல்வி.

"ஏங்க, கூப்பிடக் கூப்பிடக் காதுல விழலையா? எப்ப வந்தீங்க? பின்வாசல் வழியா வந்தீங்களா?"

"நான்... கடையில இருக்கேன்டி."

"வெளையாடாதீங்க. அடுப்படில லைட்டு போடாம என்ன உருட்டுறீங்க? பசிச்சா என்னை எழுப்புனா என்ன?"

திரையில் கைகள் சல்லடையைக் கீழே வைத்தன. காட்சி மெல்லத் திரும்பியது. அடுப்படி வாசல். அதற்கு அப்பால் கூடம். கூடத்தில் போனைக் காதில் வைத்தபடி, தூக்கக் கலக்கத்தோடு, அவள்.

"செல்வி, வெளிய ஓடு. நான் சொல்றதக் கேளு. அது நானில்ல. ஓடு!"

"சட்டையெல்லாம் நனைஞ்சு... ஏங்க?" அவள் குரல் இறங்கியது. "உங்க வாயி ஏன் அம்புட்டு..."

காட்சி அவளை நோக்கி ஓரடி போனது. நவநீதன் எஸ் பொத்தானைக் குத்தினான். நின்றது. அழுத்திப் பிடித்தான். ஓரடி பின்னால் வந்தது. விரலைத் தளர்த்தினால் முன்னால். அழுத்தினால் பின்னால். அவ்வளவுதான். அந்த ஒற்றைப் பொத்தானில்தான் அவள் உயிர் இருந்தது. வீட்டுக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம். விரலை எடுக்காமல் எப்படிப் போவது?

"முன்கதவத் தொற செல்வி. தெருவுக்குப் போ."

"கதவு... தாழ்ப்பாள் வழுக்குதுங்க. என்னமோ பிசுபிசுன்னு... தொறக்க மாட்டேங்குது."

"தள்ளு. நான் அதைப் பிடிச்சிருக்கேன்."

"எதைப் பிடிச்சிருக்கீங்க?" அவள் அழுதாள்.

ஷட்டரைப் பார்த்துக் கத்தினான். சந்தில் மழைதான். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, இடது கையால் பவர் வயரைப் பிடித்து இழுத்தான். வயர் கையோடு வந்தது. திரை அணையவில்லை. சிபியூ ஃபேன் முடி உரசச் சுற்றிக்கொண்டே இருந்தது.

கடிகாரம் ஒரு நிமிடம் காட்டியது.

விரல் வியர்த்தது. வழுக்கியது. இரண்டு கையாலும் அழுத்தினான். வாயைத் தொட்ட விரலின் பிசுக்கு அந்தக் கீபோர்டில். முதல்முறையாக அதைத் துடைக்கத் தோன்றவில்லை.

இருபது நொடி.

"தொறந்துட்டியா?"

மூச்சுச் சத்தம் மட்டும்.

பத்து.

"செல்வி!"

பூஜ்யம்.

டெமோ முடிந்தது என்று வந்தது. அதன் கீழே, முழு விளையாட்டும் ஏற்றப்பட்டுவிட்டது என்று வந்தது. எஸ் பொத்தான் அவன் விரலுக்கடியில் செத்துக் கிடந்தது. திரை கறுத்தது. போனில் ஓட்டம். ஒரு நாற்காலி விழுந்தது. அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூடச் சொல்லாத பெயர். பிறகு அவள் சத்தம் இல்லை. மெல்லுகிற சத்தம் இருந்தது. நிதானமாக. நெடுநேரம்.

அவன் வாய் நிறைந்தது.

வெதுவெதுப்பு. உப்பு. அவள் தலைக்கு வைக்கும் எண்ணெயின் வாசம். பல்லைக் கடித்துக்கொண்டான். உதட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். தாடை கேட்கவில்லை. அது மென்றது. தொண்டை விழுங்கியது. கண்ணீர் வழிய வழிய விழுங்கியது.

கடைசியில் பல்லில் ஏதோ கெட்டியாக இடறியது. உள்ளங்கையில் துப்பினான்.

வெள்ளி மெட்டி. கட்டிங் பிளேயரின் பல் தடம் அதில் வரிவரியாக இருந்தது. அதன் மேல் புதிதாக இன்னொரு பல் வரிசை.